உன் பேஸ் கிட்டாருக்கு நான் இன்னும் விலை சொல்லாத காரணம்

தம்பி,

“பேஸ் என்ன வெலைக்குப் போச்சுப்பா?” என்று போனில் நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். முதல் தடவை சிக்னல் இல்லாதது போல் நடித்தேன். இரண்டாம் தடவை, ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றேன். மூன்றாம் தடவை போனை உன் அம்மா கையில் திணித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனேன். மாட்டை விற்று நாலு வருடம் ஆகிறது என்பது உனக்கும் தெரியும். இருந்தும் நீ ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இன்னும் பத்தொன்பது நாளில் நீ கிடங்கு வேலைக்காகப் போலந்துக்கு விமானம் ஏறுகிறாய். அதற்குள் உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. சொல்வது நல்லதா கெட்டதா என்று எனக்கே பிடிபடவில்லை. எர்ணாகுளத்தில் நீ தங்கியிருக்கும் அறைக்கு இந்தக் கடிதம் வரும். இன்னொரு பிரதியை நம் ஆலயத்தின் மாத இதழில் போடச் சொல்லிப் போதகரிடம் கொடுக்கப் போகிறேன். ஊரெல்லாம் படிக்கும்படி அப்பா ஏன் எழுதுகிறார் என்று கோபப்படாதே, காரணம் கீழே வருகிறது.

முதலில் விலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் காய் உலர்த்தியவன் நான். பச்சைக்காய் உள்ளே போனால் எத்தனை மணி நேரம் சூடு, எப்போது விறகைக் குறைக்க வேண்டும், எப்போது காற்றுக்குத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் என் மூக்குக்கே தெரியும். கையில் ஒரு பிடி அள்ளிக் குலுக்கினால் போதும், போடி ஏலத்தில் அது எந்த வரிசையில் நிற்கும் என்று சொல்லிவிடுவேன். பச்சை நிறம் இருக்கிறதா, காய் பருமனா, வெடித்திருக்கிறதா, எடை நிற்கிறதா, அவ்வளவுதான். விலை என்பது கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற சமாச்சாரம் என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். உன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாலு இடம் ஏறி இறங்கியதில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

போடியில் இசைக்கருவி விற்கும் கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாலாயிரம் தாரேன், அதுவும் உங்க முகத்துக்காக” என்றார். பக்கத்து லைன் வீட்டு ஜெசிந்தா டீச்சர் தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “மாமா, இதே மாதிரி ஒண்ணு நாப்பதாயிரம் போட்டிருக்காங்க, பழசாம், ஜப்பான்ல செஞ்சதாம்” என்றாள். பழசு என்றால் எப்படி விலை ஏறும்? இரண்டு வருடம் கிடந்த காயை யாராவது மோந்து பார்ப்பார்களா? அப்புறம் அவளே இன்னொரு படத்தைக் காட்டினாள். புதுக் கிட்டார், ஆனால் பெயிண்டை வேண்டுமென்றே சுரண்டி, பழசு போல ஆக்கி, அதற்குக் கூடுதலாகக் காசு வாங்குகிறார்களாம். நம் கிட்டாரில் பெல்ட்டுக் கொக்கி உரசி உரிந்த இடம் குறையா நிறையா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. மூன்றாவதாக, மூணாறில் கானமேளா என்கிற மேடைக் கச்சேரிகளில் வாசிக்கும் ஒருவரைப் பிடித்தேன். அவர் உரிந்ததைப் பார்க்கவே இல்லை. உறையிலிருந்து எடுத்து, நாலு கம்பியைத் தட்டி, மேலே விரல் வைத்து மறுபடி தட்டி, முகத்தைச் சுளித்தார். “இது வெல பேசுற சாதனம் இல்ல சேட்டா, முதல்ல கொண்டு போய்க் காட்டுங்க” என்று பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார்.

நாம் அதை வாங்கப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பத்தொன்பது வயது. பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு கானமேளாக்காரர் தொழிலை விட்டுவிட்டு விற்கிறார் என்று கேள்விப்பட்டு விடிகாலை பஸ்ஸில் கிளம்பினோம். பேச்சுவார்த்தையை நான்தான் நடத்துவேன் என்று சொல்லி உன்னைப் பின்னால் நிற்க வைத்தேன். அவர் பதினாலாயிரம் கேட்டார். நான் கிட்டாரை நன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கம்பி குறையுதே, ஆறுல நாலுதான இருக்கு, அதுக்கு எவ்வளவு கழிப்பீங்க?” என்றேன். நீ பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் தட்டிவிட்டேன். பேஸ் என்றால் நாலு கம்பிதான் என்று அவர் சிரித்துச் சிரித்து விளக்கினார். நான் அதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்து அசையாமல் நின்றேன். கடைசியில் சிரித்த களைப்புக்காகவோ என்னவோ இரண்டாயிரம் குறைத்தார். ரொம்ப நாள் அதை என் சாமர்த்தியம் என்று ஸ்டோரில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ மட்டும் அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தாய். கிட்டாரைக் கண்ணுக்கு நேரே நீட்டி, ஆசாரி பலகையைப் பார்ப்பது போல, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்து நெடுகப் பார்த்தாய். பஸ்ஸில் வரும்போது, “கழுத்து நேரா இருக்கணும்பா, மத்த எதையும் மாத்திக்கலாம்” என்றாய். நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

அதற்குப் பின் அது நம் வீட்டில் ஒரு ஆளாகவே இருந்தது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பாய். மழைக்காலத்தில் அதன் உறைக்குள் சிறு துணி முடிச்சில் அரிசி கட்டிப் போடுவாய், ஈரம் இழுக்குமாம். ஒரு நாள் உன் அம்மா சோற்றுப் பானையைத் திறந்து அலறிவிட்டாள். உள்ளே நாலு கம்பியும் சுருண்டு கொதித்துக்கொண்டிருந்தன. “ஏ கூறுகெட்டவனே, இதென்ன சேமியாவா?” என்று அவள் அகப்பையை ஓங்க, நீ ஓடிக்கொண்டே, பேஸ் கம்பி விலை ஜாஸ்தி, அழுக்கேறிச் சத்தம் மந்தமானால் வெந்நீரில் கொதிக்க வைத்துக் காய வைப்பது எல்லா ஊரிலும் வழக்கம்தான் என்று கத்தினாய். மாலையில் மாட்டி வாசித்தாய். எனக்கே வித்தியாசம் தெரிந்தது, சத்தம் தெளிந்திருந்தது. சூடு காட்டினால் இந்தக் கருவிக்கு நல்லதுதான் போலிருக்கிறது என்று அன்றைக்கு என் மண்டையில் ஒன்று பதிந்துவிட்டது. கம்பி வேறு, மரம் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தியத்துக்காகத் தென்காசியில் அத்தை வீட்டில் இரண்டரை மாதம் கிடந்தாய். ஜீப்பில் உன்னைப் படுக்க வைத்தபோதும் உன் வாயிலிருந்து வந்தது, “அப்பா, மழை வருது, பேஸ்ல ஈரம் ஏறாமப் பாத்துக்கங்க” என்பதுதான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நம் மழை உனக்குத் தெரியும். பெட்டிக்குள் வைத்த வேட்டி பூசணம் பூக்கும், தீப்பெட்டி நமத்துப் போகும். பத்து நாள் கழித்து உறையைத் திறந்தால் கிட்டாரின் பின்பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்குப் பகீர் என்றது. வேறு ஒருவனாக இருந்தால் துடைத்து பீரோ மேல் வைத்திருப்பான். நான் ஈரத்தை விரட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவன். இந்த வித்தையில் என்னை மிஞ்ச மலையிலேயே ஆள் இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம், உறையோடு அதைத் தூக்கிக்கொண்டு போய், காய் உலர்த்தும் அறையில் தட்டுகளுக்கு மேலே உள்ள பரணில் வைத்தேன். நேர்ச் சூடு படாது, இளஞ்சூடுதான் என்று கையை வைத்துப் பார்த்துத்தான் வைத்தேன். காய் வரத்துத் தொடங்கிய காலம், அறையின் அடுப்பு அணையவே இல்லை. இரண்டு மாதம் அங்கேயே இருந்தது.

காயில் வேறு வாசம் ஏறக்கூடாது என்று ஸ்டோரில் ஈரக் கம்பளியைக்கூடத் தொங்கவிட அனுமதி கிடையாது. அப்படித் தொங்கவிட்ட ஒரு பெண்ணை நானே எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன். அதனால் பரணில் வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். “ஏங்க, அது என்ன வத்தலா வடகமா, உலத்தி எடுக்கதுக்கு? அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க” என்றாள். “உனக்கு என்ன தெரியும்” என்று அடக்கிவிட்டேன். நீ திரும்பி வருவதற்கு முந்தின நாள் எடுத்து வந்து பீரோ மேல் வைத்தேன். தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை. எனக்கு அத்தனை பெருமை.

நீ வந்தாய், மெலிந்து, கண்ணில் இன்னும் லேசான மஞ்சளோடு. மறுநாளே எடுத்து மாட்டினாய். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு நிறுத்தினாய். மறுபடி சுருதி சேர்த்தாய். “கம்பிய வெறுமனே தட்டுனா சரியா இருக்கு, மேல விரல் வச்சா விலகுதுப்பா. எங்க வச்சிருந்தீங்க?” என்று கேட்டாய். தம்பி, அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. ஸ்டோர் விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், நான் உலர்த்திய பொருளில் குறையா என்ற வீறாப்பு ஒரு பக்கம். “பீரோ மேலதான் இருந்துச்சு, அசைக்கக்கூட இல்லை” என்றேன். நீ ஒரு கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பார்த்தாய், கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிப் பார்த்தாய், புதுக் கம்பி போட்டாய். போடிக் கடையில் சுருதி மீட்டர் வைத்துப் பார்த்து, வெறுங்கம்பி நாலும் சரி என்றார்கள். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, ஆலயப் பாடகர் குழுவில் உன்னோடு வாசிக்கும் நண்பர்கள் நாலு பேர் முன்னால், நான் ஒரு நக்கல் அடித்தேன். “காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்பாங்க. நம்மாளுக்குக் காமாலை காதுல எறங்கிருச்சு, கேட்டதெல்லாம் அபசுரம்!” எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நான் சொன்னதை நீ நம்புவாய் என்று நான் நினைக்கவே இல்லை. இப்போது யோசித்தால், நம்பாமல் என்ன செய்வாய்? அசைக்கவில்லை என்று பெற்ற அப்பன் சத்தியம் போல் சொல்கிறான், மீட்டர் சரி என்கிறது, மிச்சம் இருப்பது உன் காதுதானே. அடிமாலியில் காது டாக்டரிடம் கூட்டிப் போனது யார்? நான்தான். அவர் கொஞ்சம் அழுக்கு எடுத்துவிட்டு, காது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வெளியே வந்து, “டாக்டருக்கு என்ன பாட்டா தெரியும்” என்று அதையும் நானே கெடுத்தேன். அதற்கடுத்த மாதம் கோட்டயத்தில் அந்தப் பெரிய கானமேளாக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு வருடமாக நீ காத்திருந்த இடம். இரண்டாவது பாட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று நீ வந்து சொன்னபோது, உன் முகத்தை நான் பார்க்கவில்லை, குளிக்கப் போனேன். அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு முன்னால் நின்று நீ சொன்னாய்: “என் காது முன்ன மாதிரி இல்லை. என்னால பாட்டு கெட வேண்டாம். வேற ஆளைப் பாத்துக்கங்க.” நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ அன்றைக்கு எல்லோர் முன்னாலும் தலைகுனிந்தாய். அதனால்தான் இதையும் எல்லோர் படிக்கவும் கொடுக்கிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், கெட்டது கிட்டார்தான் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. உறுத்தல் இருந்தது, ஆனால் உறுத்தலை எழுப்பிவிடாமல் நடக்க எனக்குத் தெரியும். தெரிந்தது எலப்புள்ளியில்தான். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறினேன். ஒரு கண்டக்டர், “சேட்டா, இதினும் டிக்கெட் எடுக்கணம்” என்று அதற்கும் அரை டிக்கெட் வாங்கிக்கொண்டார். விலாசத்தில் இருந்தவர் மரகதம் என்ற பெண்மணி, நாற்பது வயது இருக்கும். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக்கம்பி சுற்றும் வேலை பார்த்தவர். கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்குகிற சின்னப் பெட்டி இருக்கிறதே, நீ பிக்கப் என்பாய், அதற்குள்ளும் மயிரிழை போல அதே செம்புக்கம்பிதானாம். எவரோ செத்துப்போன பிக்கப் ஒன்றைச் சுற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்ததில் ஆரம்பித்து, இப்போது கோயமுத்தூர் வரைக்கும் கிட்டார்கள் அவரிடம்தான் வருகின்றன. முன்னறையில் பத்துப் பதினைந்து தொங்கின. நடுவில் ஒரு தேங்காய் மூட்டை.

உறையின் ஜிப்பைத் திறந்ததுமே அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஏனுங்க, ஏலக்கா வாசம் இப்புடி அடிக்குதுங்களே?” என்றார். நம் வீட்டில் சட்டை, தலையணை, குடிக்கிற தண்ணீர் வரைக்கும் அந்த வாசம்தான். அதனால் நம் யார் மூக்குக்கும் அது தெரியவில்லை. “நாங்க ஏலமலைங்க” என்று மழுப்பினேன். அவர் கிட்டாரை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். அப்புறம் கழுத்தின் மேல் இரண்டு இரும்புச் சட்டங்களை, தலைப்பக்கம் ஒன்று, உடம்புப் பக்கம் ஒன்று, குறுக்கே வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்து நின்றது. “வளைஞ்சிருந்தா உள்ளெ இருக்கற தண்டத் திருகி நேராக்கிப் போடலாமுங்க. இது முறுக்கிக்கிச்சுங்க. நேராப் பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. கம்பிய இறுக்கி வெச்சபடியே இத எங்கீங்க சூட்டுல போட்டு வெச்சீங்க?” முப்பத்தோரு வருடம் சூட்டோடு வாழ்ந்தவனை அவர் அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார். நான் சொன்னேன். முதல் தடவையாக ஒரு மனுஷரிடம் வாய் திறந்து சொன்னேன், அதுவும் முன்பின் தெரியாதவரிடம்.

அவர் திட்டவில்லை. ஒவ்வொரு கம்பியாக மேலே விரல் வைத்து மீட்டரில் காட்டினார். முள் மெல்ல மெல்ல நடுவை விட்டு விலகிக்கொண்டே போனது. “யாருங்க வாசிச்சது?” என்றார். எம் மவன் என்றேன். “அவுரு ஒண்ணும் சொல்லலீங்களா?” சொன்னான், விலகுது என்றான், நாங்கள்தான் அவன் காது கெட்டுப்போனது என்று முடிவு செய்துவிட்டோம் என்றேன். மரகதம் கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தார். “காது கெட்டுதுங்களா? இது இம்மிதானுங்க வெலகுது. கச்சேரில நாலு பேருத்துல மூணு பேருக்குத் தெரியவே தெரியாதுங்க. இதையெ மீட்டரில்லாம கண்டுபுடிச்சாருன்னா அவுருக்கு வரமாக் கெடச்ச காதுங்கண்ணா அது!” என்றார். அந்தத் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சரியாக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். கழுத்தை எதிர்ப்பக்கம் முறுக்கிப் கிடுக்கியில் இறுக்கி, சூடு காட்டிக் காட்டி, பத்து நாள் விட வேண்டுமாம். “மறுபடியும் சூடா?” என்று பதறிவிட்டேன். “சூட்டு மேல தப்பில்லீங்க, கவனிக்காம உட்டதுதான் தப்புங்க” என்றார். காயைக் கெடுப்பதும் காயைக் காப்பதும் ஒரே சூடுதான் என்று நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. விலையையும் கேட்டேன், விடவில்லை. “இப்பக் குடுத்தா கழட்டி விக்கற வெலைதானுங்க. நேராயிருச்சுன்னா இருவத்தஞ்சு, முப்பது சும்மா போகும். பழைய சப்பான் மரமுங்க” என்றார். ஆக, இந்த முப்பதும் பொய்யில்லை, போடிக் கடைக்காரரின் நாலும் பொய்யில்லை. நடுவே இருப்பது நான்.

கிட்டாரை அவரிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். ‘அப்பவே சொன்னேன்ல’ என்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அவன்ட்ட சொல்லிராதீக. டிக்கெட்டு போட்டாச்சு. பிள்ளை ஒரு வழியா மனசத் தேத்தி எந்திரிச்சு நிக்கான். இப்பப் போய் அவனக் கலைக்காதீக” என்றாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாள் காலையில், இல்லை, பிள்ளைக்குத் தெரியாமல் போனால் அது அவன் காதை நாம் இரண்டாம் தடவை கெடுத்த மாதிரி என்று பட்டது. மத்தியானம் மறுபடி அம்மா பக்கம். ஒரு வாரம் இப்படியே போனது. என் கையிலிருந்தே நாலாயிரத்தை உனக்கு அனுப்பி, விற்றாயிற்று என்று சொல்லிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். என் மகன் போலந்தில் இருக்கிறான் என்று ஆலய வாசலில் சொல்லிப் பார்த்துவிட்டேன், சொல்ல நன்றாக இருக்கிறது. நீ போகாமல் நின்றுவிடுவாயோ என்ற பயமும், நீ போய்விடுவாயோ என்ற பயமும் ஒரே நேரத்தில் எனக்கு இருக்கிறது. இரண்டும் எப்படி ஒருவனுக்குள் இருக்கும் என்று கேட்காதே, இருக்கிறது.

அப்பன் என்ற முறையில் புத்திமதி சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை கிடையாது. இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. நாளைக்கு எந்த ஊரிலாவது இன்னொரு பேஸ் வாங்கினால், பத்திரமாக வைத்திருந்தேன் என்று விற்கிறவன் சொல்வதை நம்பாதே. எங்கே வைத்திருந்தான் என்று கேள். கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார். ரொம்ப நாள் வாசிக்காமல் வைப்பதானால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வை, அடுப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக. குறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பொருளுக்கும் விலையைக் குறைத்துச் சொல்லாதே. நீ உனக்கு நீயே ஒரு விலை போட்டுக்கொண்டாய், கிடங்கில் பெட்டி அடுக்குகிற ஆள் என்று. அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை, நானும் மூட்டை தூக்கியவன்தான். ஆனால் அந்த விலையை நீ என் பொய்யை வைத்துப் போட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்தேன், கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லையோ என்று. மூன்றாம் தடவை அடிக்கவில்லை. மன்னித்துவிடு, ஐயா.

விமானத்தை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். போ என்றும் சொல்லமாட்டேன். போனால் காது கெட்டவனாகப் போகாதே, அவ்வளவுதான். நேற்று மரகதம் போன் செய்தார். கிடுக்கியிலிருந்து கழுத்தைக் கழற்றிவிட்டாராம், சட்டம் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதாம், கம்பி மாட்டி மீட்டரிலும் பார்த்துவிட்டாராம். எடுத்துக்கொள்ள வரலாமா என்று கேட்டேன். “இருங்கண்ணா, மீட்டரு சரீன்னா ஆச்சுங்களா? இந்த மாதிரிக் கேசெல்லாம் நல்ல காது இருக்கற ஆளு ஒருத்தரு வாசிச்சுப் பாத்துச் சொன்னாத்தான் நான் வெளிய உடுவேன். உங்க பக்கத்துல அப்புடி ஆரையாச்சும் தெரியுமுங்களா?” என்றார். உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள், வேண்டாம் என்று கையும் காட்டவில்லை. தெரியும் என்றேன். எர்ணாகுளத்தில் இருக்கிறான், அங்கிருந்து பாலக்காட்டுக்கு ரயில் இருக்கிறது என்றேன்.

அப்பா